மூலைக்கு மூலை ஏழு இன்ச்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

மேலே ஏற்றினாலும் இருபத்து நான்கு, கீழே இறக்கினாலும் இருபத்து நான்கு. கூரையின் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய் வானத்தில் முட்ட வைத்தாலும் இந்தப் புது சாஃப்ட்வேர் இருபத்து நான்கு அடி என்றுதான் சொல்லும் போலிருக்கிறது. காலையிலிருந்து இதோடுதான் மல்லுக்கட்டு.

வேலை ஒன்றும் பெரிய மாளிகை இல்லை. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் நல்லகாமன் என்கிற விவசாயி, மகள் மீனாவுக்கு ஒரு தையல் கூடம் கட்டுகிறார். இரும்புத் தூண், ஷீட் கூரை. கிழக்கு மேற்காக நாற்பது அடி, தெற்கு வடக்காக இருபத்து நான்கு. தெற்குப் பக்கம் உயரம், வடக்குப் பக்கம் அதைவிட ஏழடி தாழ்வு. ஷீட் கம்பெனியிலேயே நீளத்துக்கு வெட்டி வந்துவிடும். குறைந்தால் ஒட்டுப்போட முடியாது. ஆகவே எனக்கு வேண்டியது சரிவின் மேல் ஓடுகிற நீளம். இது காட்டுவது காக்கா மேலிருந்து பார்க்கிற நீளம்.

நாகசுப்பிரமணியன் சார் ஏற்கெனவே இருபத்து நான்கு என்று எழுதி வைத்துவிட்டார். "பிளான்ல இருக்கிறதுதானே ஹம்சா" என்கிறார். பிளானில் இருக்கிறதுதான் சார். கூரை பிளானிலா இருக்கிறது?

பதினோரு வருடமாக அவர் ஆபீசில் வரைகிறேன். ஒரு தாளிலும் என் பெயர் கிடையாது. இந்தக் கூரையை மட்டும் "நீயே முடி, நான் பார்க்கிறதோட சரி" என்று கொடுத்திருக்கிறார். அவர் 'பார்க்கிறது' என்றால் ஒவ்வொரு கோட்டையும் கால்குலேட்டரால் தட்டிப் பார்ப்பது. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை நான் சொல்வதை நம்பிவிட்டால் போதும். அதற்குத்தான் இந்தக் கூரை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கிடைத்துவிட்டது. கட்டடத்தைத் தெற்கு வடக்காகக் கத்தியால் அறுத்த மாதிரி ஒரு வெட்டுத் தோற்றம் எடுத்தேன். அதில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சரிவு முழு நீளத்துக்குத் தெரிகிறது. இருபத்தைந்து அடி. கீழே நீட்டுவதற்கு ஒன்றரை அடி சேர்த்து ஷீட் இருபத்தாறரை.

அப்புறம்தான் உறைத்தது. இருபத்து நான்கும் ஏழும். பள்ளிக்கூடத்துக் கணக்கு. கையால் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. எனக்கே என் மேல் எரிச்சல்.

சாரிடம் காட்டினேன். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "ம்" என்றார். மாலையில் நல்லகாமனுக்குப் போன் போட்டு, "நான் செக் பண்ணும்போது ஒரு அடி கூடுதலா தேவைப்படுதுன்னு தெரிஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். செவிடு என்று நினைத்துவிட்டார் போல.

27 ஆகஸ்ட், புதன்

விநாயகர் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை வாய் பிளந்துவிட்டது. கிரி ஒரு வார்த்தை சொல்லாமல் எட்டுத் தின்றார். இப்படி ஒரு புருஷன் கிடைத்தது என் பாக்கியம் என்று இன்றைக்கு மட்டும் எழுதி வைக்கிறேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

நல்லகாமன் ஆபீசுக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். மாட்டுத்தாவணியில் பூ வாங்கிக்கொண்டு வந்தாராம். எனக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார். பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தாயி, வாஸ்து பாக்குறவர வெச்சுப் பாத்தோம். கன்னி மூலயும் அக்கினி மூலயும் ஒரே ஒசரத்துல நிக்குதாம்ல. அது ஆகாதாம். கன்னி மூலதான் எல்லாத்துக்கும் ஒசக்க நிக்கணும். ஈசானிதான் எல்லாத்துக்கும் கீழ."

அதாவது தென்மேற்கு மூலை மட்டும் தனியாக உச்சத்தில் நிற்க வேண்டும். வடகிழக்கு மூலை மட்டும் தனியாக அடியில். கூரை வடக்கே சரிவது பற்றாது, கிழக்கேயும் சரிய வேண்டும்.

நான் சொன்னேன், "ஐயா, கூரை ரெண்டு பக்கமும் சாஞ்சா வேலை கோளாறாயிரும்."

"எம்புட்டுத் தாயி சாய்க்கப் போற? ரெண்டடி. ஏம் மவ பட்டது போதும். இதுலயும் ஒரு கொற வந்துரக் கூடாதுன்னு பாக்கேன்."

மீனா கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். மெஷின்களை வாங்கி வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு நைட்டி ஆர்டர் பிடித்திருக்கிறாள். ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைப்பது புதுக் கூடத்தில்தான் என்று அப்பாவும் மகளும் ஒரே முடிவு. அதற்கு மேல் நான் என்ன பேச? சாரும் "போட்டுக் குடுத்துரு ஹம்சா, ரெண்டடிதானே" என்றுவிட்டார். வரைகிறவள் நானல்லவா.

1 செப்டம்பர், திங்கள்

கிழக்குப் பக்கத்தை இரண்டடி இறக்கியாகிவிட்டது. ஷீட் நீளம் மாறியிருக்கும் என்று பயந்து மறுபடி வெட்டுத் தோற்றம் எடுத்துப் பார்த்தேன். அதே இருபத்தைந்து. கிழக்கு மேற்கு விளிம்பு மட்டும் நாற்பதடிக்கு மேல் அரை இன்ச் சொச்சம் கூடியிருக்கிறது. அவ்வளவுதானா? நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப அளந்தேன். அவ்வளவுதான்.

ஷீட்டுக்கு ஆர்டர் போய்விட்டது.

2 செப்டம்பர், செவ்வாய்

ஏதோ உறுத்துகிறது. ஆர்டர் தாளை எடுத்து எண்களை மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

15 செப்டம்பர், திங்கள்

உறுத்தியது சும்மா இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அழகுபாண்டி போன். கூரை போடுகிற காண்ட்ராக்டர், இந்தப் பக்கத்தில் பாதி ஷெட் அவர் கைவண்ணம்தான்.

"மேடம், நாலு மூலைத் தூணும் நிப்பாட்டி மேல சட்டம் ஓட்டியாச்சு. மூலைக்கு மூல டேப் புடிச்சேன். ஒண்ணு நாப்பத்தேழரை அடி வருது. இன்னொன்னு ஏழு இன்ச் கம்மி. ஏழு இன்ச் மேடம்! ரெண்டும் சமமா வந்தாத்தான மூலமட்டம் சரின்னு அர்த்தம்? தூணு எங்கயோ மாறிப் போச்சு."

"அண்ணே, தரையில தூணுக்கு அடித்தகடு வைக்கும்போது மூலைக்கு மூலை பிடிச்சீங்கள்ல?"

"அப்ப சமமாத்தான் இருந்துச்சு."

"தூக்குக்குண்டு விட்டுப் பாத்தீங்களா? தூண் சாஞ்சிருக்கா?"

"நேராத்தான் இருக்கு. அதான் மேடம் ஒண்ணும் புரியல. நீங்க குடுத்த ஒசரத்துல ஏதோ தப்பு இருக்கும் போல."

நீங்க குடுத்த ஒசரத்துல. டப்பாவை மூடி வைத்துவிட்டு உயரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

சார் என் பிளானை விரித்து வைத்துக்கொண்டு மூலைக்கு மூலை அளக்கச் சொன்னார். அளந்தேன். இரண்டுமே நாற்பத்தாறு அடி எட்டு இன்ச். சமம்.

"பாத்தியா? பிளான்ல சமம். சைட்ல சமமில்ல. அப்ப தூண் தப்பு. கிழக்குத் தூண் ரெண்டையும் அடியில அறுத்து ஏழு இன்ச் தெற்கே நகர்த்தச் சொல்லிரலாம்."

"சார், நகர்த்தினா கீழ செவ்வகம் போயிரும். சுவருக்குப் போட்ட அஸ்திவாரம் ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம்னு நிக்கும்."

"கொத்தனார்கிட்டச் சொல்லி இழுத்துக் கட்டிக்கலாம். ஷீட் வந்துரும், ஆயுத பூஜை வந்துரும், மழை வந்துரும். எத்தனை நாள் யோசிப்ப?"

இதைத் தமிழில் சொன்னார். அதற்கப்புறம் சொன்னதை எங்கள் பாஷையில் சொன்னார். வெளியாள் இருக்கும்போது திட்ட வேண்டுமென்றால் சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவார். டீ கொண்டுவந்தவருக்குப் புரியக் கூடாதாம். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். சொன்னதன் சாரம், சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி நச்சரித்தவள் நான், இப்போது பார்.

இரண்டு நாள் தவணை கேட்டேன். ம் என்றார். சரி என்ற ம்மா, வேண்டாம் என்ற ம்மா தெரியவில்லை.

17 செப்டம்பர், புதன்

தரையில் சமம். தூண் நேராக நிற்கிறது. விளிம்பு நீளமெல்லாம் சரி. பிறகு மூலைக்கு மூலை மட்டும் எப்படிய்யா மாறும்?

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. அன்றைக்கு இருபத்து நான்கு என்று ஏமாற்றியது எது? பிளான். இன்றைக்கு நாற்பத்தாறு எட்டு என்று சமமாகக் காட்டுவதும் அதே பிளான். காக்கா பார்வை. அழகுபாண்டி அண்ணன் டேப் பிடித்தது காக்கா மாதிரி மேலே பறந்துகொண்டா? சரிவின் மேல் ஏறி நின்று பிடித்திருக்கிறார். அப்படியானால் நானும் சரிவின் மேல் ஏறி நின்று அளக்க வேண்டும்.

எங்கே ஏற விடுகிறது இது! தெற்கு வடக்காக வெட்டினால் வடக்குச் சரிவு மட்டும் தெரிகிறது. கிழக்கு மேற்காக வெட்டினால் கிழக்குச் சரிவு மட்டும். இரண்டும் சேர்ந்த ஒரே சாய்வு எந்தத் தோற்றத்திலும் அகப்படவில்லை. வீடியோ தேடினால் ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிறான், அவன் கூரை சமர்த்தாக ஒரே பக்கம் சரிகிறது. ஒரு குழுவில் கேள்வி போட்டேன். எந்த ஊர்க்காரனோ பதில் போட்டிருக்கிறான், எதற்காக ஒருவர் கூரையை இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டும் என்று. வா, திருமங்கலத்துக்கு வா. கன்னி மூலைன்னா என்னன்னு நல்லகாமன் உனக்குச் சொல்லுவாரு. பூவும் குடுப்பாரு.

18 செப்டம்பர், வியாழன்

கத்திவிட்டேன். ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தோற்றத்தைத் திருப்பித் திருப்பி மல்லுக்கட்டக் கூடாது. முதலில் கூரையில் மூன்று மூலைகளைத் தொட்டு, 'இதுதான் இனி எனக்குத் தரை' என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தத் தரைக்கு நேர் மேலே நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். படம் மெதுவாகச் சாய்ந்து வந்து நின்றது. கூரை செவ்வகம் இல்லை! ஒரு பக்கம் தள்ளிவிட்ட பாய் மாதிரி லேசாகச் சாய்ந்த கட்டம். விளிம்பு நீளமெல்லாம் அதே அளவு, மூலைகள் மட்டும் மட்டம் விலகி, செங்கோணம் இல்லாமல் நிற்கின்றன.

மூலைக்கு மூலை அளந்தேன். ஒன்று நாற்பத்தேழு அடி ஆறு இன்ச். மற்றது நாற்பத்தாறு அடி பதினொரு இன்ச்.

அழகுபாண்டி அண்ணன் டேப்பில் பிடித்த அதே ஏழு இன்ச். அவர் அளந்தது சரி. தூண் சரி. என் உயரம் சரி. ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் மூலை மட்டமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சரித்தால் இப்படித்தான் வரும், வந்தே தீரும். யார் மேலும் தப்பில்லை. தூணை வெட்டினால்தான் தப்பு.

சார் விருதுநகரில் ஒரு கல்யாணத்தில். போன் போட்டேன். நாதஸ்வர சத்தத்துக்கு நடுவில் அரை நிமிடம் கேட்டார். "கம்ப்யூட்டர்ல ஆயிரம் காட்டும் ஹம்சா. முந்தாநேத்து சமம்னு காட்டுச்சு, இன்னைக்கு ஏழு இன்ச்ங்குது. அழகுபாண்டி எத்தனை வருஷமா கூரை போடுறான்? நான் காலையிலேயே சொல்லிட்டேன், அவன் நாளைக்கு அறுத்துருவான்."

"சார், அவர் அளவும் என் அளவும் ஒண்ணுதான் சார், அதைத்தான்—"

வைத்துவிட்டார்.

அழகுபாண்டி அண்ணனுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. நான் என்ன வேற்று மொழியிலயா பேசுறேன்? ஒரு பொம்பள சொன்னா ஒருத்தர் காதுலயும் ஏறாதா? பதினோரு வருஷம்! பதினோரு வருஷத்துல என் அளவு என்னைக்காவது தப்பிப் போயிருக்கா? அந்தக் கால்குலேட்டர்கிட்டக் கேக்க வேண்டியதுதான?

வீட்டில் கிரி போனை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "காலையில முதல் பஸ்ஸுக்கு நீயே நேரா போயிரு ஹம்சா" என்றார். போறேன்.

19 செப்டம்பர், வெள்ளி

ஒன்று போய்விட்டது.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி, திருமங்கலத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போய்ச் சேர்வதற்குள் கட்டிங் மெஷின் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. கையை வீசிக் கத்திக்கொண்டு ஓடினேன். செருப்பு வார் அறுந்ததுகூடத் தெரியவில்லை. ஈசானி மூலைத் தூண் அடியில் அறுபட்டு, மேல் சட்டத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தூணில் சாக்பீஸ் கோடு போட்டுத் தயாராக நின்றிருந்தார்கள்.

"அண்ணே, நிறுத்துங்க! தூண் சரியா இருக்கு! தயவுசெஞ்சு நிறுத்துங்க!"

அழகுபாண்டி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார் சொல்லித்தான மேடம் அறுத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பிப்போய்ச் சொன்னார்.

நல்லகாமன் அதற்குள் தலையில் கை வைத்துவிட்டார். "ஈசானி மூலயிலயா இரும்ப அறுத்தீக? அதுலயா? வேற மூலயே கெடைக்கலயா?"

நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. வாசலில் தைப்பதற்கு வைத்திருந்த நைட்டித் துணியில் ஒரு துண்டை மீனாவிடம் வாங்கினேன். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்தோம். தெற்கே இருந்தவர்கள் உயர்த்தி, வடக்கே இருந்தவர்கள் தாழ்த்தி. சரி, துணி விறைப்பாக நின்றது. "இப்ப கிழக்க நிக்கிறவங்க மட்டும் கீழ இறக்குங்க. ஆனா நின்ன இடத்தை விட்டு நகரக் கூடாது."

இறக்கினார்கள். துணியில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு வரி இழுபட்டது. மற்ற மூலைகளுக்கு நடுவே துணி தளர்ந்து தொய்ந்தது.

மீனாதான் முதலில் சொன்னாள். "கிராஸ்ல இழுக்குதுக்கா. ஒரு பக்கம் நீளுது, ஒரு பக்கம் சுருங்குது."

"அதேதான் மீனா. அந்த நீளுறதும் சுருங்குறதும் சேந்துதான் ஏழு இன்ச். யாரும் இடம் மாறல."

அழகுபாண்டி அண்ணன் துணியை மீனாவிடம் கொடுத்தார். பிறகு டேப்பை எடுத்துத் தரையில் அடித்தகட்டுக்கு அடித்தகடு தானே பிடித்தார். சமம். திருப்பிப் பிடித்தார். சமம். சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தார்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கேட்டார். "அது சரி மேடம். கூரைக்கட்டம் கோணலா இருக்கு. ஆனா ஷீட்டு நாலு மூலையும் மட்டமாத்தான வரும்? அது இதுல எப்படி உக்காரும்?"

பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் அண்ணே" என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா பஸ் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தேடிக் கொடுத்தார்.

20 செப்டம்பர், சனி

சார் சைட்டுக்குப் போய் அறுபட்ட தூணைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு வந்தார். என் திரையில் அந்தச் சாய்ந்த கட்டத்தைத் திறந்து வைத்திருந்தேன். நின்று பார்த்தார். கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். வெகுநேரம் தட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

முதல்லயே! நாதஸ்வரத்துக்கு நடுவுல என்னத்தக் கேட்டீங்க சார்? வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். விழுங்கி விழுங்கித்தான் எனக்கு இந்த அசிடிட்டி.

அவர் போன பிறகு யோசித்தால் இன்னும் கொதிக்கிறது. நான் சரி என்று தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. 'சரி' என்று ஒரு சொல். அதற்கும் வழியில்லை.

22 செப்டம்பர், திங்கள்

ஷீட்டைக் கூரைமேல் ஒவ்வொன்றாக மாடலில் அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கீழே ஒரே நேர்கோட்டில் வைத்தால் பக்க விளிம்பில் ஏறுமாறாகிறது. பக்க விளிம்போடு ஒட்டி வைத்தால் கீழ் விளிம்பில் கோணல். ஷீட்டுக்கு வளையவும் தெரியாது, விட்டுக்கொடுக்கவும் தெரியாது. யாரோ ஒருவர் நினைவுக்கு வருகிறார்.

23 செப்டம்பர், செவ்வாய்

வளைய வேண்டாம். வழுக்கினால் போதும்!

ஒரு ஷீட்டின் வரிப்பள்ளத்தில் அடுத்த ஷீட்டின் வரி உட்காருகிறது. மேலும் கீழும் நகர்த்தலாம், வரி தடுக்காது. ஒவ்வொரு ஷீட்டையும் பக்கத்து ஷீட்டைவிட அரை இன்ச் கீழே இறக்கிக்கொண்டே போனால் கடைசி ஷீட்டு சரியாக மூலையில் போய் உட்காருகிறது. கீழே படிப்படியாகத் தெரியும், அரை அரை இன்ச்சாக. தண்ணீர் பிடிக்கிற தகர வாய்க்கால் அதை மறைத்துவிடும். நீளம் எல்லாவற்றுக்கும் அதே இருபத்தாறரை. வெட்ட வேண்டியதில்லை, புதிதாக வாங்க வேண்டியதில்லை.

வரைந்து அழகுபாண்டி அண்ணனுக்கு நேரே அனுப்பினேன். சாருக்குக் காட்டாமல் ஒரு தாள் வெளியே போவது இதுதான் முதல் தடவை. காட்டியிருந்தால் எந்தக் கல்யாண மண்டபத்திலிருந்து என்ன பதில் வருமோ.

அண்ணன் போன் போட்டார். "அரை இன்ச்சு அரை இன்ச்சா எறக்கணும், அம்புட்டுத்தான மேடம்? இது நமக்குத் தோணாமப் போச்சே" என்று சிரித்தார். எனக்கும்தான் அண்ணே நாலு நாளாகத் தோன்றவில்லை.

29 செப்டம்பர், திங்கள்

ஷீட் ஏறிவிட்டது. அறுத்த தூணைப் பற்றவைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஈசானி மூலை என்பதால் நல்லகாமன் தனியாக ஒரு தேங்காய் உடைத்தாராம். யார் மேல் கோபத்தில் உடைத்தார் என்று கேட்கவில்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. மீனா புதுக் கூடத்தில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து போட்டோ அனுப்பியிருக்கிறாள். நான் பார்த்தது மெஷினை இல்லை. பின்னால் கீழ் விளிம்பு கோணலாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

16 அக்டோபர், வியாழன்

வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. முனிச்சாலையில் முழங்கால் தண்ணீர். ஆபீசில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்கப் பயம்.

மீனாவே கூப்பிட்டாள். "ஒரு சொட்டு எறங்கலக்கா. சத்தந்தேன் காது அடைக்குது. அப்பா குடையோட வெளிய நின்னு, தண்ணி ஈசானிப் பக்கம் ஓடுது, ஈசானிப் பக்கம் ஓடுதுன்னு போறவன் வாறவனையெல்லாம் நிப்பாட்டிச் சொல்லிக்கிட்டு இருக்காரு."

சாரிடம் சொன்னேன். கால்குலேட்டருக்கு வேலையில்லாத விஷயம். தலையாட்டினார்.

12 நவம்பர், புதன்

பரவை மார்க்கெட் பக்கம் ஒரு காய்கறி குடோன். இரண்டு கூரைகள் எதிரெதிரே சரிந்து வந்து நடுவில் ஒரு பள்ளத்தில் சேருகின்றன. பள்ளத்தை ஒட்டுகிற ஷீட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு காலையில் சாரிடம் போனேன். இன்றைக்கு முழுக்க நின்று பதில் சொல்ல வேண்டும் என்று தண்ணீரெல்லாம் குடித்துவிட்டுத்தான் போனேன்.

போனில் பேசிக்கொண்டிருந்தார். கட்டை வாங்கினார். கடைசித் தாளைத் திருப்பினார். கையெழுத்துப் போட்டார். நீட்டினார்.

"சார், சரிவு நீளம் பார்க்கலையா?"

"நீ பார்த்துட்டேல்ல."

மறுபடி போனுக்குப் போய்விட்டார்.

வந்து உட்கார்ந்தேன். பதினோரு வருடம் எதற்காகப் பொருமினேனோ அது ஒரு நொடியில் நடந்துவிட்டது. துள்ளியிருக்க வேண்டும். எரிச்சலாக வருகிறது. ஒரு தாளையாவது திருப்பினால் என்ன, கை தேய்ந்துவிடுமா? முன்னே பின்னே சொல்லாமலா ஒரு மனிதரை நம்புவது?

ஷீட் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். அனுப்பவில்லை. மாடலைத் திறந்து, ஒவ்வொரு சரிவாக மூன்று மூலையைத் தொட்டு, அதன் மேல் நேராக நின்று முதலிலிருந்து அளந்தேன். பள்ளத்தை ஒட்டிய வரிசையில் ஒரு ஷீட்டு பிளான் நீளத்திலேயே இருந்தது. முக்கால் அடி குறைச்சல். நான் போட்டதுதான்.

திருத்தி அனுப்பிவிட்டேன். சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்துவிடுவார்.